சீஃப் வீட்டுக் கோல்கீப்பர்

அப்பா இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அந்த ஆறு வாரத்தில் நான் அழுதது இரண்டு தடவை. கையெழுத்துப் போட்டது நூறு தடவைக்குக் குறையாது. ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் இறந்துவிட்டார் என்பதை உலகம் அவ்வளவு லேசில் நம்புவதில்லை. ஓய்வூதிய அலுவலகம் இறப்புச் சான்றிதழை மூன்று நகல் கேட்டது. தொலைபேசி இணைப்பைத் துண்டிக்கப் போன இடத்தில், "யார் பேர்ல இருக்கோ அவரை நேர்ல வரச் சொல்லுங்க" என்றார்கள். குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்து, நானும் இதையேதான் மற்றவர்களுக்குச் செய்து வருகிறேன். ஆகவே கோபப்படும் தகுதி எனக்கில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசையில் போய் நின்றேன்.

இந்தக் களைப்புக்கு நடுவில் ஒரு புதன்கிழமை, கடற்படை ஓய்வுபெற்றோர் சங்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு நினைவுக் கூட்டம். குடும்பத்தின் சார்பில் மகன் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அதற்கும் "சரிங்க" என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அப்பா என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்துக் கோத்தாலும் ஐந்து நிமிடம் தேறாது.

அப்பா கப்பலின் இன்ஜின் அறையில் இருந்தவர். கடைசியில் அந்த அறைக்கே தலைவரானார். கப்பலில் எல்லோருக்கும் அவர் 'சீஃப்'. முப்பது வருடம் கடலில், முப்பத்தொரு வருடம் வீட்டில். வீட்டோடு வந்த பிறகும், குளிர்பெட்டியைக் கடந்து போகும்போது உள்ளங்கையை அதன்மேல் ஒரு நொடி வைத்து எடுப்பார். "இதுக்கு இன்னும் மூணு மாசம்" என்பார். மூன்றாவது மாதம் அது நின்றுபோகும். எங்கள் வீட்டில் எந்தக் குழாயும் சொட்டியதில்லை, எந்தக் கதவும் முனகியதில்லை. அக்கா கல்யாணத்தன்று எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மண்டபத்தின் பின்பக்கம் ஜெனரேட்டருக்குத் துணையாக நின்றார். விளக்கு ஒரு தடவைகூட அணையவில்லை. அவர் பாசமும் அந்த மாதிரிதான். வெளிச்சம் இருக்கும், ஆள் தெரியமாட்டார்.

என்னிடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே தெரியமாட்டார். அதற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது. விடுப்பில் வந்தவர் பெட்டியைத் திறந்து, ஒரு ஜோடி தடித்த கையுறைகளை எடுத்து என்னிடம் நீட்டினார். கால்பந்தில் கோல்கீப்பர்கள் போடுவது. எனக்கும் கால்பந்துக்கும் அதுவரை அறிமுகமே கிடையாது. மறுநாள் மைதானத்துக்குக் கூட்டிப்போய், இரண்டு செருப்புகளுக்கு நடுவில் என்னை நிறுத்திப் பந்தை உதைத்தார். முதல் பந்து வந்தபோது குனிந்துகொண்டேன். இரண்டாவது மூக்குக்கண்ணாடியில் பட்டு, ஒரு கண்ணாடி விழுந்தது. மூன்றாவதை அவர் உதைக்கவில்லை. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு, "போதும், வா" என்றார். அந்தப் பார்வைக்கு நான் முப்பத்தொன்பது வருடமாகப் பொருள் எழுதி வருகிறேன். எப்படி எழுதினாலும் 'இவனா நம்ம பிள்ளை' என்றுதான் வந்து நிற்கிறது. கையுறைகள் அடுப்படிக்குப் போயின. சூடான பாத்திரம் இறக்க அதற்கு இணையான ஒன்று எங்கள் வீட்டுக்கு அப்புறம் அமையவில்லை.

வியாழக்கிழமை சாயந்திரம் நான் அம்மா வீட்டில் இருந்தபோது சிக்னல் சித்தப்பா வந்தார். சொந்தச் சித்தப்பா இல்லை. அப்பாவின் கப்பலில் கொடியையும் விளக்கையும் வைத்து மற்ற கப்பல்களோடு பேசுகிற வேலை பார்த்தவர். எழுபத்தொன்பது வயதிலும், காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதை இரண்டு கைகளையும் பக்கவாட்டில் வீசித்தான் சொல்வார். மகள் வீட்டோடு இருக்க இந்த ஊருக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"வாடா கோல்கீப்பர்" என்றார் வாசலில் என்னைப் பார்த்ததும்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

"உன்னைத்தான்டா. கையைக் காட்டு." காட்டினேன். சுண்டுவிரலைத் தடவிப் பார்த்தார். "இதுதானே உடைஞ்சது?"

"எதுவும் உடையலையே சித்தப்பா."

"அடக்கத்தைப் பாரு. சீஃப் மாதிரியே." சோபாவில் வசதியாக உட்கார்ந்துகொண்டார். "பள்ளிக்கூடத்து இறுதிப் போட்டி. மூணுக்கு ரெண்டு, நீங்க முன்னால. கடைசி நிமிஷத்துல பெனால்டி. உனக்கு ஏற்கெனவே விரல் உடைஞ்சிருக்கு. வாத்தியார் வெளியே வாடான்னு கத்துறார். நீ வரலை. அவன் உதைக்கிறான், நீ இடது பக்கமாப் பாயறே..." அவரும் சோபாவிலிருந்து இடது பக்கமாகக் கொஞ்சம் பாய்ந்தார். கீழே விழுவதற்குள் பிடித்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் பாய்ந்து பிடித்தது அவர் ஒருவரைத்தான்.

"யார் சொன்னது இதை?"

"யாரா? உங்கப்பா. வீட்லேர்ந்து கடிதம் வந்த அன்னைக்கு, இன்ஜின் ரூம்ல அத்தனை சத்தத்துக்கும் மேல கத்திப் படிச்சார். அதுக்கப்புறம் ஒவ்வொரு பயணத்துலயும், புது ஆள் யார் சேர்ந்தாலும், முதல்ல இந்தக் கதைதான். ஓய்வு பெறுற வரைக்கும் சொன்னார்." எழுந்து என் தோளில் தட்டினார். "ஞாயிற்றுக்கிழமை நீ அதை உன் வாயால சொல்லணும். எங்க கப்பல்காரங்க மிச்சம் பதினொரு பேர். எல்லாரும் வர்றாங்க. ஒருத்தர் ஆக்சிஜன் சிலிண்டரோட வர்றார்."

அவர் போன பிறகு அடுப்படிப் பக்கம் காது கொடுத்தேன். சத்தமே இல்லை. அம்மா இருக்கிற அடுப்படியில் சத்தம் இல்லையென்றால் அவள் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

"அம்மா, அப்பா ஏன் கப்பல்ல இப்படிப் பொய் சொல்லியிருக்கார்?"

"அவர் பொய் சொல்லலை." அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கடிதத்தை எழுதினது நான்."

நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"கல்யாணமாகிக் கப்பற்படைக் குடியிருப்புக்குப் போனதும், அங்கே இருந்த பொம்பளைங்க எனக்குச் சொன்ன முதல் பாடம் இதான். கப்பலுக்குக் கெட்ட சேதி எழுதக் கூடாது. ஒருத்தி, குழந்தைக்குக் காய்ச்சல்னு எழுதிட்டா. கடிதம் போய்ச் சேர மூணு வாரம். அதுக்குள்ள குழந்தை எழுந்து ஓடிட்டிருக்கு. அந்த மனுஷன் அங்கே அன்னைக்குத்தான் காய்ச்சல் வந்த மாதிரி சாப்பிடாம கிடந்து, இன்ஜின்ல கையைக் குடுத்துட்டார். அதுக்கப்புறம் அங்கே யாரும் எழுதினதில்லை. நல்லது மட்டும்தான்."

"சரி, நல்லது எழுதலாம். நடக்காத கோலை எதுக்கும்மா பிடிக்க வச்சே?"

"அந்த வருஷம் எழுத நல்லதா ஒண்ணும் இல்லடா." கத்தியை வைத்துவிட்டாள். "நீ டைபாய்டுல ஆஸ்பத்திரியில கிடந்தே. மூணு வாரம். டாக்டரே என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். கடிதம் போகலைன்னா அவர் பயந்துடுவார். பக்கத்துப் படுக்கையில காலேஜ் படிக்கிறவன் ஒருத்தன், விரல் உடைஞ்சு வந்திருந்தான். கோல்கீப்பராம். வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அதையே சொல்லிட்டிருந்தான். எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. உன் தலைமாட்டுல உக்காந்து எழுதிட்டேன். காலேஜைப் பள்ளிக்கூடமா மாத்தினேன், பேரை மாத்தினேன். அவ்வளவுதான்."

டைபாய்டு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தப் படுக்கையிலிருந்தபடியே நான் ஒரு போட்டியை ஜெயித்திருக்கிறேன் என்பதுதான் புதுச் செய்தி.

"அப்பாவுக்கு எப்போ தெரியும்?"

"கையுறையோட வந்தாரே, அன்னைக்கு. மைதானத்துலேர்ந்து வந்து உன்னை வெளியே நிறுத்திட்டு, 'வேற எதெல்லாம் இல்லை?'ன்னு கேட்டார். எல்லாத்தையும் சொன்னேன். குளியலறைக்குள்ள போய்க் குழாயைத் திறந்துவிட்டார். அரை மணி நேரம். தொட்டி நிரம்பி வெளியே ஓடிடுச்சு. தண்ணி வீணானா அவருக்கு ஆகாதுன்னு உனக்கே தெரியும்." மறுபடி கத்தியை எடுத்தாள். "வெளியே வந்து, இனிமே கெட்டதையும் எழுதுன்னார்."

"எழுதினியா?"

"எங்கேடா? பழகிடுச்சு. உங்கக்காவை இன்னும் ரெண்டு தடவை வகுப்புல முதலா வர வச்சேன்."

எல்லாம் தெளிவாகிவிட்டது, ஒன்றைத் தவிர. தெரியாமல் ஒரு தடவை படித்தார், அது இருக்கட்டும். பொய் என்று தெரிந்த பிறகும், எட்டு வருடம், ஏறுகிற இறங்குகிறவர்களுக்கெல்லாம் ஏன் அதையே சொன்னார்? எனக்குத் தோன்றியது ஒன்றுதான். சொல்லிக்கொள்கிற மாதிரி நான் இல்லை. கோல்கீப்பர் இருந்தான். அப்பா அவனை வைத்துக்கொண்டார், என்னை விட்டுவிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை நான் என்னம்மா பேசறது?"

"உன் இஷ்டம்" என்றாள் அம்மா. இந்த இரண்டு வார்த்தைகளை அம்மா சொல்லி, யாரும் தன் இஷ்டப்படி நடந்ததாக எங்கள் குடும்பத்தில் தகவல் இல்லை.

அக்காவைப் போனில் கூப்பிட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு, "என்னை ரெண்டு தடவைதான் முதலா வர வச்சாளா? உனக்குக் கோப்பையே குடுத்திருக்கா" என்றாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள். "டேய், அவ்வளவு பேர் நடுவுல அம்மாவைப் பொய் சொன்னவளா நிறுத்தாதே. அப்பாவையும் ஏமாந்தவரா ஆக்காதே. அஞ்சு நிமிஷம் கோல்கீப்பரா இருந்தா நீ என்ன தேஞ்சா போயிடுவே?"

தேய்வதற்கு என்னிடம் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்பதால் அதற்கும் "சரிக்கா" என்றேன். அப்பாவுக்கு நான் போதாதவன் என்பதை அவருடைய நண்பர்கள் முன்னால், என் வாயாலேயே, ஒலிபெருக்கி வைத்துச் சொல்லப் போகிறேன்.

சங்கத்தின் கூடம் நீளமானது. மின்விசிறிகள் ஆறு, அதில் ஓடியவை நான்கு. அப்பா இருந்திருந்தால் மற்ற இரண்டும் ஓடியிருக்கும். மேசையில் அவர் படம் இருந்தது. சீருடையில், யாரோ சிரிக்கச் சொல்லி அதற்கு உடன்படாத முகம். முன்வரிசையில் பதினொரு கிழவர்கள், நடுவில் அம்மா. ஓரத்து நாற்காலியில், மூக்கில் குழாயும் காலடியில் சிலிண்டருமாக, கப்பலின் சமையல்காரர்.

எனக்கு முன் பேசிய மூன்று பேரும் அப்பாவின் கண்டிப்பு, நேரம் தவறாமை, நேர்மை என்று வரிசையாகச் சொன்னார்கள். கேட்கக் கேட்க அவர் ஒரு சுவர்க்கடிகாரம் மாதிரி ஆகிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ஆரம்பித்தேன்.

"எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளி இறுதிப் போட்டி. எதிரணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. நான் வலது பக்கமாகப் பாய்ந்து..."

"இடது" என்றார் சமையல்காரர், மூக்குக் குழாய் வழியாக.

"ஆமாம், இடது. பாய்ந்து பந்தைப் பிடித்தேன். அப்போதுதான் என் விரல் உடைந்தது."

"விரல் முன்னாடியே உடைஞ்சிடுச்சே" என்று இன்னொருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"முன்னாடியே உடைந்த விரல். அதோடு பிடித்தேன். இரண்டுக்கு இரண்டு என்ற நிலையில்..."

"மூணுக்கு ரெண்டு" என்றார்கள் நான்கு பேர், ஒன்றாக.

என் சொந்தச் சாதனையில் என்னைத் தவிர எல்லோரும் தேர்ச்சி பெற்றிருந்தார்கள். அடுத்து என்ன பிடித்தேன் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அம்மாவின் குரல் கேட்டது.

"போதும்டா."

அம்மா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றாள். ஒலிபெருக்கி அவளுக்குத் தேவைப்படவில்லை. "இவன் பந்தைத் தொட்டதே இல்லை. அன்னைக்கு டைபாய்டுல கிடந்தான், பிழைப்பானான்னு தெரியாம. கடிதத்துல இருந்ததெல்லாம் நான் எழுதினது. அவர் மேல ஒரு தப்பும் இல்லை. எனக்கு இதைத் தூக்கிட்டு அலைஞ்சு அலுத்துப்போச்சு. நீங்கள்லாம் மன்னிச்சுக்கணும்."

சிக்னல் சித்தப்பா மெதுவாக எழுந்தார்.

"தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். கையுறையோட ஊருக்குப் போயிட்டு வந்தார் பாருங்க, அந்தப் பயணத்துலேர்ந்தே. சீஃப் கோல் கதையை முழுசாச் சொல்வார். புதுசா வந்தவன் கை தட்டுவான். தட்டி முடிக்கிற வரைக்கும் இருந்துட்டு, 'இதுல ஒரு வார்த்தை நிஜமில்லை, எல்லாம் என் வீட்டுக்காரி எழுதினது, நான் இங்கே நிம்மதியாச் சாப்பிடணும்னு ஒரு ஆட்டத்தையே ஆடி முடிச்சிருக்கா'ன்னுவார். அதான் கதையே. நீங்கதான் கதை."

"அப்புறம் எதுக்கு இவனைக் கோல்கீப்பர்னு கூப்பிட்டீங்க? வீட்டுல பாய்ஞ்செல்லாம் காட்டினீங்களே?"

"உத்தரவு அண்ணி. 'வீட்டு ஆளுங்களை எங்கே பார்த்தாலும் கோல்கீப்பர்னே சொல்லணும், தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது, அவ மனசு கஷ்டப்படும்'னார். உத்தரவு போட்டவர் போயிட்டார். ரத்து பண்ண ஆள் இல்லை. நாங்க என்ன பண்றது?"

பதினொரு கிழவர்களும் தலையை ஆட்டினார்கள். அம்மா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "ஒரு கப்பல் முழுக்கத் தெரியும். கூடவே குடித்தனம் பண்ணின எனக்குத்தான் தெரியாது. வரட்டும் அவர்" என்று சொல்லி, அவர் வர மாட்டார் என்பது அப்புறம் நினைவுக்கு வந்து, உட்கார்ந்துவிட்டாள்.

சமையல்காரர் கையைத் தூக்கினார். அவர் பேச வேண்டுமென்றால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தனியாக மூச்சுச் சேகரிக்க வேண்டியிருந்தது. கூடம் அவருக்காகக் காத்திருந்தது.

"டைபாய்டு இடம் வந்தா நிறுத்திடுவார்." மூச்சு. "மூணு வாரம், பிள்ளை வாயில தண்ணி விட நான் இல்லைன்னுவார்." மூச்சு. "மைதானத்துல நின்னப்போ அவன் ரெண்டு காலும் குச்சியா இருந்துச்சாம். அதைப் பார்த்த பிறகுதான் விஷயமே புரிஞ்சுதாம்." நீண்ட மூச்சு. "அவன் முகத்தைப் பார்த்தா எனக்குப் பேச்சு வர மாட்டேங்குதுய்யா, நான் என்ன பண்ணுவேன்னு எங்கிட்டதான் கேட்பார். நான் சமையல்காரன். எனக்கு என்ன தெரியும். இன்னொரு தோசைக்கல்லு மாதிரி நானும் பார்த்துட்டு நிப்பேன்."

நான் இன்னும் மேடையில்தான் இருந்தேன், ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு. என் ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. முப்பத்தொன்பது வருடமாக நிலுவையில் இருக்கிற புகாரை ஒரே நாளில் முடித்துவைக்க எங்கள் அலுவலகத்தில் வழியே கிடையாது. மனு தந்தவருக்கே அது தாங்காது. எனக்கும் தாங்கவில்லை. "நன்றி" என்றேன். யாருக்கு என்று சொல்ல வரவில்லை. இறங்கி வந்து அம்மாவுக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். அந்தப் பக்கம் யாரும் இல்லாததால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

திரும்பி வரும்போது டாக்சியில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

"களைப்பா இருக்குடா."

"எனக்கும்தான்."

"நீ எப்படி இருக்கே?"

"எனக்கென்னம்மா, நல்லா இருக்கேன்."

அம்மா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நான் என்ன கப்பல்லயா இருக்கேன்?"

ஓட்டுநர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார்.

"சொல்லு" என்றாள். "கெட்டதையெல்லாம் சொல்லு. கேட்கிறேன்."

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எனக்குப் போன வருடத்திலிருந்து ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஓடுகிறது என்றேன். "ம்" என்றாள். என் மகள் கல்லூரியை விட்டுவிட்டாள், இரண்டு மாதமாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாள், அவளிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். "கதவுக்கு வெளியேயாவது உக்காரு" என்றாள். அதைப் பற்றி எனக்கும் என் மனைவிக்கும் நடந்த சண்டையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அம்மாவின் தலை என் தோளில் சாய்ந்தது. தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆறு வாரத்தில் அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

நான் நிறுத்தினேன்.

வண்டி ஒரு திருப்பத்தில் வேகம் குறைந்தது. ஓட்டுநர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்புறம் என்னாச்சு சார்?" என்றார்.

வீடு வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மீதியை அவரிடம் சொல்லத் தொடங்கினேன்.